புனலூரிலிருந்து ஒரு கடிதம்

புனலூர், இரவு 9 மணி

அன்புள்ள சங்கரா,

நான் கிளம்புகிற அன்று காலையில்தான் உன் கடிதம் வந்தது. முழங்காலுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைப் படித்ததும் மனசு லேசாகிவிட்டது. பேத்தி நடக்க ஆரம்பித்திருக்கிறாள் என்கிறாய். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீயும் நட. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்துவிட்டது.

நேற்று கோவில்பட்டியிலிருந்து தென்காசி வரை சைக்கிளில் வந்தேன்; வழியெல்லாம் கரிசலும் வெயிலும்தான். எழுத ஒன்றுமில்லை. இன்றைக்கு நடந்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

விடியுமுன் தென்காசியை விட்டேன். சற்று நேரத்திலேயே காற்று பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் சாரல் என்று நாம் கொண்டாடுகிற அதே தென்மேற்குக் காற்றுதான். ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து, மேற்கே மிதிக்கிறவன் முகத்தில் அறைகிறது. சமதரைகூட ஏற்றமாகிவிட்டது. செங்கோட்டையில் அந்தத் திருவிதாங்கூர் சங்கு முத்திரை வளைவுக்குக் கீழே இறங்கி நின்றேன். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த ஊர் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே! உன் தாத்தா கதை கதையாகச் சொல்வாரே, நினைவிருக்கிறதா?

வழியெல்லாம் கார் சாகுபடிக்கு உழுதுகொண்டிருந்தார்கள். புளியரை தாண்டியதும் வயல் போய்த் தென்னை வந்தது. பிறகு கேரள எல்லையில் கோட்டைவாசல்; அங்கே ரோடு வளைந்து ஏறுகிறது. வைக்கோல் லாரி ஒன்று முக்கிக்கொண்டு ஏற, அதன் பின்னாலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினேன். உச்சியில் காற்று நின்றுவிட்டது; மழை பிடித்துக்கொண்டது. இறக்கத்தில் பிரேக் கட்டை நனைந்து ரிம்மில் வழுக்கியது. பயந்துபோனேன், சங்கரா. விட்டுவிட்டுப் பிடித்து, மண் ஓரமாகவே மெதுவாக இறங்கினேன்.

ஆரியங்காவில் டீ குடித்தேன். கடைக்கார அம்மா என்னிடம் தமிழிலும், அடுப்படிப் பையனிடம் மலையாளத்திலும், கணக்கை இரண்டிலுமாகப் பேசினார். எங்கே எது முடிகிறது என்று எனக்குப் பிடிபடவேயில்லை. அங்குள்ள சாஸ்தா கோயில் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள்தான் பெண் வீட்டாராக வருகிறார்கள். சாமியே சம்பந்தம் செய்துகொண்ட இடத்தில் எல்லைக்கோட்டை எங்கே தேடுவது?

கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம். கருங்கல் வளைவுகள் மழையில் கறுத்து நின்றன. 1904இல் ஓடத் தொடங்கிய அந்த மீட்டர்கேஜ் ரயிலில் நீயும் நானும் கொல்லம் கடலைப் பார்க்கப் போனோமே, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கண்களை எண்ணி, நீ பன்னிரண்டு என்றாய், நான் பதின்மூன்று என்றேன். 2010இல் அதை நிறுத்தியபோது எனக்குத் துக்கமாக இருந்தது. 2018இல் அகலப்பாதை முழுதாகத் திறந்தார்கள், பாலத்தை விட்டுவைத்தார்கள். அதுவே பெரிய ஆறுதல். இன்றைக்கு ரோட்டிலிருந்து நிதானமாக எண்ணிவிட்டேன். பதின்மூன்றேதான்.

தென்மலைக்கு அப்புறம் ரப்பர். மரத்துக்கு மரம் மழைக்குப் பாவாடை கட்டியதுபோல் பிளாஸ்டிக் சுற்றியிருக்கிறார்கள். இருட்டும் முன் கல்லடையாற்றின் மேல் 1877இல் கட்டிய தொங்குபாலத்தைப் பார்த்துவிட்டு அறைக்கு வந்தேன். ஈரத்துணி மின்விசிறிக்குக் கீழே காய்கிறது.

நாளை கொல்லம். காலையில் முதல் வேலையாகப் பிரேக் கட்டை மாற்ற வேண்டும். திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும். வியாழக்கிழமை செங்கோட்டைக்கு பஸ்ஸில் வந்துவிடு. அந்தச் சங்கு வளைவுக்குக் கீழேயே காத்திருக்கிறேன்.

உன்,
கணேசன்