படகைத் தட்டிப் பாருங்கள், ட்ரெயிலரைத் தொட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை பிறந்து இங்கே கனடாவில் ஏரிகளில் ஐஸ் உடையத் தொடங்கியதும் உங்கள் பத்திரிகையின் வரி விளம்பரப் பக்கத்தில் படகுகள் வர ஆரம்பித்துவிடும். "14 அடி அலுமினியப் படகு, ட்ரெயிலருடன், நல்ல நிலையில், உடனடி விற்பனைக்கு." இந்த வருடமும் வந்திருக்கிறது. எங்கள் பெடியள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து காசு போட்டு சனிக்கிழமை காலையில் ஒன்றை வாங்கி, அன்று பின்னேரமே சிம்கோ ஏரியிலோ ரைஸ் லேக்கிலோ இறக்கிவிடுகிறார்கள். வாங்க வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நானும் அப்படித்தான் வாங்கினேன், இன்றைக்கும் அதே படகில்தான் மீன் பிடிக்கப் போகிறேன். ஆனால் வாங்கிய அன்றே தண்ணீரில் இறக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கவே எழுதுகிறேன்.

பழைய அலுமினியப் படகில் பயப்பட வேண்டியது அலுமினியத்துக்கு இல்லை. அதற்குள் ஒளிந்திருக்கும் மரத்துக்கும், இருக்கைக்குக் கீழே இருக்கும் ஃபோமுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, படகை ஏற்றி இழுக்கும் ட்ரெயிலரின் சில்லுக்குள் (சக்கரத்துக்குள்) இருந்து அதைச் சுழலவிடும் பேரிங்குக்கும்தான். இந்த மூன்றும் வெளியில் தெரியாது. விற்கிறவருக்கே பல நேரம் தெரியாது.

என்னுடையது 1984ஆம் ஆண்டுப் படகு. அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், படகின் கடைசியில் இருக்கும் பின்பலகையின் வெளிப்புறத்தில் வலதுபக்க மேல் மூலையில் 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஓர் அடையாள இலக்கம் இருக்கும், அதன் கடைசி இரண்டு எண்களும் மாடல் ஆண்டைச் சொல்லும். கனடாவில் 1981 ஆகஸ்டிலிருந்து இது கட்டாயம். விற்கிறவர் "தொண்ணூறுகளில் செய்தது" என்றார், இலக்கம் 84 என்றது. அவரை நான் குறை சொல்லவில்லை, அவரும் யாரிடமோ கேட்டு வாங்கியவர்தான்.

இந்தப் படகுகளின் உடம்பு உண்மையில் நல்ல உடம்பு. இரண்டாம் உலகப் போர் முடிகிற காலத்தில் அமெரிக்காவில் போர் விமானம் செய்த கிரம்மன் நிறுவனம் அதே தகட்டு வேலையை வைத்து அலுமினியத்தில் கனூ என்ற சிறு துடுப்புப் படகு செய்யத் தொடங்கியது. விமானத்தின் இறக்கையை ரிவெட் என்ற உலோக ஆணி அடித்துச் சேர்ப்பது போலத்தான் இவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் 5052 என்ற கலப்புலோகம், அதில் இரண்டரை வீதமளவு மக்னீசியம் இருக்கிறது. தகட்டின் மேல் தானாகவே ஒரு மெல்லிய ஒக்சைட் படலம் உருவாகிக் காப்பாற்றிக்கொள்வதால், நல்ல தண்ணீர் ஏரியில் ஓடும் படகு 40, 50 வருடம் கழித்தும் தகடு கெடாமல் இருக்கும். நான் வளர்ந்தது யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில். 1930இல் அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் போனது என்பதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். வள்ளத்தைக் கரையில் ஏற்றிக் கலப்பத்து அடித்து (பலகை இடுக்குகளை அடைத்து), மீன் எண்ணெய் பூசி, அதற்குப் பிறகுதான் கடலுக்கு விடுவார்கள், வருடா வருடம். அந்த ஊரிலிருந்து வந்த நானே இங்கு வந்ததும் "அலுமினியம்தானே, துருப்பிடிக்காதே" என்று ஒன்றையும் திறந்து பார்க்காமல் விட்டேன்.

முதலில் பின்பலகை. ட்ரான்சம் என்பார்கள், மோட்டர் மாட்டுகிற இடம். வெளியில் அலுமினியத் தகடு, உள்ளே ஒன்றரை அங்குலத் தடிப்பில் பிளைவுட். மோட்டரின் முழுப் பாரமும் தள்ளும் விசையும் அந்தப் பலகையில்தான். திருகாணித் துளைகள் வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கி, வெளியில் பெயின்ட் மினுங்கிக்கொண்டிருக்க உள்ளே பலகை ஊறவைத்த பிஸ்கட் போல ஆகிவிடும். பார்க்கிற வழி மிகச் சுலபம். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள், நல்ல மரம் "டக்" என்று சொல்லும், உக்கிய மரம் "தொப்" என்று சொல்லும். அடுத்ததாக மோட்டரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மெல்ல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு பின்பலகையைப் பாருங்கள். பலகை வளைந்து கொடுத்தால் விலை பேச வேண்டாம், அல்லது பலகை மாற்றும் வேலையையும் கணக்கில் வைத்துப் பேசுங்கள்.

மாற்றுவது செய்யக்கூடிய வேலைதான், இரண்டு வார இறுதி எடுத்தது எனக்கு. பழைய பலகையை உடையாமல் எடுத்தால் அதையே அச்சாக வைத்துப் புதியதை வெட்டலாம். முக்கால் அங்குல மரைன் பிளைவுட் இரண்டை ஒன்றாக ஒட்டி, விளிம்பெல்லாம் எபொக்சி என்ற பசையை மூன்று தரம் பூசி, துளைகளைப் பெரிதாகப் போட்டு எபொக்சியால் அடைத்து, காய்ந்த பிறகு அதன் நடுவில் திரும்பவும் துளை போட வேண்டும். அப்போதுதான் திருகாணி வழியாக வரும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

இந்த இடத்தில் ஒன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பின்வளவில் டெக் கட்டப் பாவிக்கிறோமே, உக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பச்சை நிறச் சாயல் மரம், அதைப் படகில் வைக்காதீர்கள். எனக்கு உதவ வந்த மச்சான் "மலிவு, உக்கவும் உக்காது" என்று அதைத்தான் வாங்கி வந்தார், நான் திருப்பிக் கொடுக்கச் சொன்னதில் அவருக்குக் கோபம். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் ஒரு பற்றரி போல வேலை செய்து அலுமினியத்தைத் தின்றுவிடும். வெள்ளை மாவு போலப் பொரிந்து, பிறகு ஊசித் துளைகள் விழும். அதே காரணத்தால்தான் அடியில் பாசி பிடிக்காமல் பூசுகிற செம்புப் பெயின்ட்டும் அலுமினியப் படகுக்கு ஆகாது. ஒரு சதக் காசு கூட ஆகாது! கனடாவில் ஒரு சதக் காசு கொடுப்பதை 2013இல் நிறுத்திவிட்டார்கள்தான், ஆனால் 1996 வரை அடித்தவை ஏறக்குறைய முழுச் செம்பு. பழைய படகின் அடித்தட்டைக் கிளப்பியபோது எனக்கு இரண்டு காசு கிடைத்தது. ஒன்று கிடந்த இடத்தில் தகடு வட்டமாக அரித்துப்போயிருந்தது.

ரிவெட்டுகளைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள், அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. பழைய படகு ஒழுகும். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க, படகை ட்ரெயிலரிலேயே வைத்து அடியில் மரக்கட்டைகளால் நன்றாக முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தில் மூன்று நான்கு அங்குலம் மட்டும் தண்ணீர் விட்டு, வெளியில் சொட்டுகிற இடங்களை மார்க்கரால் வட்டம் போடுங்கள். நிரப்பிவிடாதீர்கள், ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ, வெளியில் இருந்து தண்ணீர் தாங்குகிற உடம்பு உள்ளிருந்து தாங்காது. தளர்ந்த ரிவெட்டைத் திரும்ப இறுக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் உள்ளே கனமான இரும்புத் துண்டை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிக்க, மற்றவர் வெளியிலிருந்து தலையில் அடிக்க வேண்டும். நானும் என் மூத்த மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடித்தோம். அவன் பதினைந்து வயதுப் பிள்ளை, அன்றுதான் என்னோடு ஒரு நாள் முழுக்கக் கதைத்தான். பிறகு உள்ளே பொலியூரிதேன் சீலன்ட் பூசினோம். குளியலறைக்கு அடிக்கிற சிலிக்கோனைப் பூசாதீர்கள், அதன் மேல் பிறகு பெயின்ட்டும் ஒட்டாது, வேறு ஒன்றும் ஒட்டாது.

இனி ஃபோம். இருக்கைகளுக்குக் கீழே அதை வைத்திருப்பது படகு கவிழ்ந்தாலும் நிரம்பினாலும் மிதக்க வேண்டும் என்பதற்காக. வருடக்கணக்கில் ஈரம் குடித்தால் அதுவே பாரமாகிவிடும். நடு இருக்கையைக் கழற்றி அந்த ஃபோமை எடுத்தபோது கடற்பஞ்சு போலத் தண்ணீர் வடிந்தது, ஒற்றைக் கையால் தூக்க முடியவில்லை. சிலர் இடம் கிடைக்கிறது என்று அதை எடுத்து எறிந்துவிட்டு மீன் பெட்டி வைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எடுத்த அளவுக்குக் குறையாமல் திரும்ப வைக்க வேண்டும். வீட்டு நிலவறைச் சுவருக்கு வைக்கும் இளஞ்சிவப்பு அல்லது நீல நிறப் பலகை ஃபோம் இருக்கிறதே, அதை வெட்டி அடுக்கலாம், அது தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு. பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும் என்பதால் பெட்ரோல் தாங்கி இருக்கும் பக்கம் கவனம் வேண்டும்.

இப்போது ட்ரெயிலருக்கு வருகிறேன். இதற்காகவே இந்தக் கடிதம்.

படகு வாங்கிய முதல் கோடை, ஜூலை மாதம், 401ஆம் நெடுஞ்சாலையிலிருந்து 115க்கு ஏறிப் போய்க்கொண்டிருந்தோம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் காரில். கருகிய மணம் வந்தது, கார் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் ட்ரெயிலரின் இடது சில்லு ஆடுகிறது, ஒதுக்கி நிறுத்தி இறங்கிப் பார்க்கும்போது புகை. இன்னும் ஐந்து நிமிடம் ஓடியிருந்தால் அந்தச் சில்லு கழன்று போயிருக்கும், எங்களுக்குப் பின்னால் வந்த வான் வண்டியில் யார் யார் இருந்தார்களோ. இதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது. விற்றவர் கிரீஸ் அடித்துத் தந்ததாகச் சொல்லியிருந்தார். கழற்றிப் பார்த்தபோது கிரீஸ் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

அந்த நிறம் வந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். கார் ட்ரெயிலரை ஒரு மணித்தியாலம் இழுத்து வந்ததில் சில்லின் நடுப்பகுதி சூடாகியிருக்கும், அதை அப்படியே குளிர்ந்த ஏரித் தண்ணீருக்குள் இறக்குகிறோம். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, பழைய சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஏரியில் படகு ஓடிக்கொண்டிருக்க, கரையில் நிற்கும் ட்ரெயிலரின் பேரிங் துருப்பிடிக்கத் தொடங்கும். ஆகவே வாங்கிய ட்ரெயிலர் யாருடையதாக இருந்தாலும், என்ன சொல்லித் தந்திருந்தாலும், இரண்டு சில்லையும் கழற்றிப் பேரிங்கைத் துடைத்துப் பாருங்கள். புள்ளி விழுந்திருந்தால், நீலம் பாய்ந்திருந்தால், மாற்றிவிடுங்கள், சீலையும், நட்டைப் பூட்டும் பின்னையும் எப்போதும் புதிதாகப் போடுங்கள். பேரிங்கைப் பிடிக்கும் நட்டை இறுக்கிவிட்டுக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், முழுக்க இறுக்கினால் அதுவே எரிந்துபோகும். பயணத்தில் இருபது நிமிடத்தில் ஒரு தரம் நிறுத்தி சில்லின் நடுவைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நில்லுங்கள்.

டயர் பூ தேயாமல் அழகாக இருக்கும், ஏனென்றால் வருடத்தில் பத்து நாள்தான் ஓடுகிறது. ஆனால் ரப்பர் வயதால் வெடிக்கும். பக்கச் சுவரில் நான்கு எண் இருக்கும், 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. வெளிச்சம் எரியாவிட்டால் பல்பை மாற்ற முன் ட்ரெயிலரின் உடம்பில் பூட்டியிருக்கும் வெள்ளை எர்த் வயரைப் பாருங்கள், அது துருப்பிடித்திருக்கும், பாதிப் பேருக்கு அங்கேதான் பிரச்சினை. படகு படுக்கும் நீட்டு மரங்களும் மருந்து மரமாக இருந்து, மேலே சுற்றிய கார்ப்பெட் எப்போதும் ஈரமாக இருந்தால் நான் மேலே சொன்ன செம்புக் கதைதான் படகின் அடியிலும் நடக்கும்.

சட்டத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். மோட்டர் படகு ஓட்டுகிற எவருக்கும் படகு ஓட்டுநர் அட்டை வேண்டும், 2009 செப்டம்பரிலிருந்து எல்லா வயதினருக்கும். 10 குதிரை வலு அல்லது அதற்கு மேல் என்றால் படகுக்கும் உரிம இலக்கம் வேண்டும், வாங்கியதும் தாமதிக்காமல் அதை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். ஏரியிலிருந்து ஏற்றிய பிறகு வடிகால் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை விட்டு, தொங்குகிற புல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் வீதிக்கு வர வேண்டும். ஒன்ராறியோவில் 2022 ஜனவரி முதல் இது சட்டம், சீப்ரா மட்டி போன்றவை ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகாமல் இருக்க. அடைப்பைத் திரும்பப் போடுவதையும் மறக்காதீர்கள். உயிர்காப்பு அங்கி படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று. "எனக்கு நீந்தத் தெரியும், கடலில் வளர்ந்தவன்" என்று சொல்கிற அண்ணன்மார் என்னைப் போலப் பலர். மே மாத ஏரித் தண்ணீர் எங்கள் கடல் இல்லை அண்ணா. விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சே வராது, அப்போது நீச்சல் உதவாது. அங்கி உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்குக் கீழே இல்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஏப்ரலிலும் படகு விளம்பரங்கள் வருகிற அதே பக்கத்தில், கட்டம் போட்டு நான்கு வரி போடுங்கள்: பின்பலகையைத் தட்டு, ஃபோமைத் தூக்கிப் பார், பேரிங்கைக் கழற்று, டயர் எண்ணை வாசி. அதற்கு ஆகும் இடத்துக்கான காசை விளம்பரக் கட்டணமாக நானே தருகிறேன். ரிவெட் அடிக்கும்போது பிடிக்கிற அந்த இரும்புத் துண்டும் என்னிடம் சும்மாதான் கிடக்கிறது, ஸ்கார்பரோப் பக்கம் யாருக்காவது தேவைப்பட்டால் வந்து எடுத்துப் போகலாம், துணைக்கு ஆள் இல்லை என்றால் பிடிக்க நானும் வருவேன். என் தொலைபேசி இலக்கம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகன்,
ஸ்கார்பரோ