பேரனின் காய்ச்சலும் நீரிழிவும்: சித்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். "கல்யாணத்துக்கு நான்தானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன், அங்கே ஒட்டிக்கொண்ட கொரோனாதானே பிள்ளையின் கணையத்தைக் கெடுத்தது?" என்று நீங்கள் கேட்டதற்குத் தொலைபேசியில் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். இதே கேள்வியைச் சுமந்துகொண்டிருக்கும் வேறு வீடுகளுக்கும் பயன்படட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன். பேரனின் நோய்க்கு நீங்கள் காரணமல்ல. நீங்கள் ஊட்டிய அதிரசமும் காரணமல்ல. முதல் வகை நீரிழிவு இனிப்புத் தின்பதால் வருவதில்லை.

பள்ளியில் உயிரியல் நடத்திய உங்களிடம் கொஞ்சம் விரிவாகவே பேசலாம். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அயலார் என்று எண்ணி அழிப்பதுதான் இந்த நோய். அந்தத் தாக்குதல் தொடங்கிவிட்டதைக் காட்டும் எதிர்ப்பொருள்கள், சர்க்கரை ஏறுவதற்குப் பல மாதங்களுக்கு, பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு முன்பே இரத்தத்தில் தெரிய ஆரம்பித்துவிடுகின்றன. மரபு வழியாக இந்த நோய்க்கு வாய்ப்புள்ள குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வுகளில், பலருக்கு அவை இரண்டு வயதை ஒட்டியே தலைகாட்டியிருக்கின்றன. ஆகவே கல்யாணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் ஏழு வயதுப் பிள்ளைக்கு நோய் தெரியவந்தது என்றால், அந்த அழிவு அநேகமாக வெகுகாலத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் ஒரு காய்ச்சல் அதை வெளியே கொண்டுவந்திருக்கலாம், அவ்வளவே.

அதற்காக வைரஸுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. இந்தச் சந்தேகம் பழையது, அதற்கு ஆதாரமும் உண்டு. புதிதாக நீரிழிவு கண்டவர்களின் இரத்தத்தில் காக்சாக்கி பி4 என்னும் குடல்வழி வைரஸுக்கான எதிர்ப்பொருள்கள் மற்றவர்களைவிட அதிகமாக இருந்ததை 1969-இல் இங்கிலாந்து மருத்துவர்கள் எழுதினார்கள். 1979-இல் அமெரிக்காவில், நீரிழிவு முற்றி இறந்துபோன பத்து வயதுச் சிறுவனின் கணையத்திலிருந்து அதே வகை வைரஸைப் பிரித்தெடுத்து எலிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றில் சிலவற்றுக்குச் சர்க்கரை ஏறியது. ஆஸ்திரேலியாவில் 1941-இல் நார்மன் கிரெக் என்னும் கண் மருத்துவர், கர்ப்ப காலத்தில் தாய்க்கு வந்த ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மையால் கண்புரையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றி முதலில் எழுதினார். அந்தக் குழந்தைகளை அறுபது வயதில் பரிசோதித்தபோது, ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருந்தது. 2009-இல் பன்றிக்காய்ச்சல் பரவியபின் நார்வேயில் நடந்த ஆய்வில், பரிசோதனையில் தொற்று உறுதியான இளவயதினருக்கு முதல் வகை நீரிழிவு ஏறக்குறைய இரு மடங்கு காணப்பட்டது.

கொரோனா விஷயத்தில்தான் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பல நாடுகளின் கணக்குகளைத் திரட்டி 2023-இல் வெளியான ஆய்வு, பெருந்தொற்றுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் குழந்தைகளிடையே முதல் வகை நீரிழிவு முதலாண்டில் 14 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 27 சதவீதமும் அதிகம் என்றது. ஜெர்மனியின் பவேரியாவில் தொற்று கண்ட குழந்தைகளிடம் நோய் கூடுதலாக இருந்தது. டென்மார்க்கில் அப்படித் தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் தொற்றுக்கு அடுத்த முப்பது நாள்களில் மட்டும் கூடுதல் தெரிந்தது, அதற்குப்பின் இல்லை. இதை யோசித்துப் பாருங்கள். சர்க்கரை ஏறி மருத்துவமனைக்கு வந்த பிள்ளைக்கெல்லாம் அந்நாள்களில் மூக்கில் குச்சிவிட்டுக் கொரோனா பரிசோதனை செய்தார்கள். ஆகவே இரண்டும் ஒரே வாரத்தில் பதிவாவது இயல்பு. நம் பேரனுக்கும் கொரோனா இருப்பது அப்படித்தான், அனுமதிக்கப்பட்ட அன்றுதான் தெரிந்தது.

பெருந்தொற்று குழந்தைகளுக்கு ஐயமில்லாமல் செய்த கேடு ஒன்று உண்டு. மருத்துவமனைக்குப் போக அஞ்சி எல்லோரும் தாமதித்தார்கள். 2020 மார்ச் முதல் மே வரை ஜெர்மனியில் நோய் புதிதாகத் தெரியவந்த குழந்தைகளில் ஏறக்குறைய 45 சதவீதத்தினர் இன்சுலின் போதாமல் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் சேரும் கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்தான அமிலத்தேக்க நிலையில் வந்துசேர்ந்தார்கள்; முந்தைய ஆண்டுகளில் அது 24 சதவீதம்தான். அந்த நிலையில் பிள்ளை இழுத்து இழுத்து மூச்சு வாங்குவதை நுரையீரல் தொற்று என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் அதற்கு முன்பே, பழக்கம் விட்டிருந்த பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கும், செம்பு செம்பாகத் தண்ணீர் கேட்கும், சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கும். எறும்பைக் கண்டதும் நீங்கள்தானே அவனை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள்! அவன் அமிலத்தேக்கத்துக்குப் போகாமல் தப்பியது அதனால்தான். கல்யாணத்தை நினைத்து அழும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசியால் வந்தது என்று பெரியப்பா வீட்டில் பேசிக்கொள்வதை நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2007-இல் எல்லாக் குழந்தைகளுக்கும், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபின், நான்கு வயது வரையுள்ளோரிடம் இந்த நோய் சுமார் 14 சதவீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு காட்டுகிறது. காக்சாக்கி பி வைரஸுக்கு எதிரான தடுப்பூசி ஒன்று பின்லாந்தில் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனையைக் கடந்திருக்கிறது. கைக்குழந்தையாக இருக்கும் பேத்திக்கு ரோட்டா சொட்டு மருந்தும் தட்டம்மை-ருபெல்லா ஊசியும் நாள் தவறாமல் போடச் சொல்லுங்கள்.

இனி அவனுக்குக் காய்ச்சல் வரும் நாள்கள்தான் கவனமாக இருக்க வேண்டியவை. சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது. தொற்றுக் காலத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை விரல் நுனியின் பக்கவாட்டில் குத்திச் சர்க்கரை பாருங்கள். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகளை வீட்டிலேயே வாங்கி வையுங்கள். இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது என்பதை அவனுடைய மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். வாந்தி நிற்கவில்லை என்றாலோ மூச்சில் பழவாடை அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே கிளம்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்