கேளிக்கைப் பூங்கா திறப்பு: குறைந்தது மூன்று வார அவகாசம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா பெருந்தொற்றில் மூடிய கேளிக்கைப் பூங்காக்களையும் திரையரங்குகளையும் மீண்டும் திறந்தபோது வந்த செய்திகளில் முகக்கவசம், கிருமிநாசினி, பாதிக் கூட்டம் ஆகிய மூன்றைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தோம். மாதக்கணக்கில் அசையாமல் நின்ற எந்திரங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. 'நாளை மறுநாள் முதல் திறக்கலாம்' என்ற அறிவிப்பு மக்களுக்கு மகிழ்ச்சி தரலாம். பராமரிப்புப் பிரிவில் இருப்பவர்களுக்கு அது வயிற்றில் புளியைக் கரைக்கும்.

தினமும் ஓடுகிற ரோலர் கோஸ்டரைவிட நின்றுபோன ரோலர் கோஸ்டரைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். ரயில் ஒரே இடத்தில் நெடுநாள் நின்றால், அதன் பாலியூரித்தேன் சக்கரங்கள் தண்டவாளத்தில் அழுந்திய இடத்தில் தட்டையாகிவிடும். ஓடும்போது தடதடவென்று அடிக்கும். அந்த அதிர்வு நேராக பேரிங்கில் இறங்கும். பேரிங்கிலோ கிரீஸ் இறுகிக் கிடக்கும். இரண்டும் சேர்ந்து ரயிலின் வேகத்தைக் குறைக்கும். சங்கிலி இழுத்து உச்சியில் விட்ட பிறகு பெரும்பாலான கோஸ்டர்களுக்கு வேறு உந்துசக்தி கிடையாது. இறங்கிய வேகத்திலேயே அடுத்த மேட்டை ஏறியாக வேண்டும். ஏற முடியாவிட்டால் இரண்டு மேடுகளுக்கு நடுப் பள்ளத்தில் போய் நின்றுவிடும். ஆட்களோடு அப்படி நின்றால் கீழே இறக்குவது பெரும்பாடு. அதனால்தான் முதலில் காலி ரயில், பிறகு இருக்கைக்கு ஒன்றாகத் தண்ணீர் நிரப்பிய பொம்மைகள், கடைசியில் ஊழியர்கள் என்று படிப்படியாக ஓட்டுகிறார்கள்.

கட்டுப்பாட்டுப் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். எலி கடித்த வயர், ஈரம் ஏறிய சென்சார், எல்லையைத் தொட்டதும் அசைவை நிறுத்த வேண்டிய, ஆனால் துருப்பிடித்துப்போன லிமிட் சுவிட்ச் எல்லாம் அங்கே காத்திருக்கும். சவாரியை இயக்கும் சிறு கணினியான பிஎல்சி பழையது என்றால் உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்து, புரோகிராமே அழிந்திருக்கவும் கூடும். ஒரு தடப் பிரிவுக்குள் ஒரு ரயில் இருக்கும்போது இன்னொன்று நுழையாதபடி தடுக்கும் ஏற்பாட்டை, வேண்டுமென்றே சென்சாரை மறைத்தும் வயரைக் கழற்றியும் சோதிக்காமல் விடக்கூடாது.

இடைவெளி விட்டு உட்கார வைக்கும் விதி எந்திரத்தையும் பாதிக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பாதி நிரம்பிய ரயில் எடை குறைவால் மெதுவாகவே ஓடும். கப்பல் ஊஞ்சலில் கூட்டம் ஒரு முனையில் மட்டும் சேர்ந்தால் ஆட்டம் கோணும். ராட்சத ராட்டினத்தில் ஒரு பக்கக் கூண்டுகள் நிரம்பி எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால் மோட்டார் திணறும், பிரேக் நழுவும். எதிரெதிர்க் கூண்டுகளை மாற்றி மாற்றி நிரப்புவதுதான் முறை. குடும்பத்துக்கு ஒரு கூண்டு என்று வரிசை வந்தபடியே ஏற்றினால் அந்தக் கணக்கு தப்பிவிடும். ஆகவே எந்த அமைப்பில் ஆட்களை ஏற்றப் போகிறார்களோ அதே அமைப்பில் பொம்மைகளை வைத்தும் சோதிக்க வேண்டும். முழுச் சுமைச் சோதனை மட்டும் போதாது.

அப்போது சொன்ன '50 சதவீத அனுமதி' என்ற கணக்கிலும் ஓட்டை இருந்தது. 24 இருக்கை ரயிலை நிமிடத்துக்கு ஒன்று அனுப்பினால் மணிக்கு 1,440 பேர் போகலாம். ஒரு வரிசை விட்டு உட்கார வைத்தால் 720. ஒவ்வொரு முறையும் துடைக்க ஒரு நிமிடம் கூடினால் 360, அதாவது கால் பங்கு. வாசலில் பாதிப் பேரை விட்டு, சவாரியில் கால் பங்குதான் ஏற்ற முடியும் என்றால் காத்திருக்கும் நேரம் இரட்டிப்பாகும். கூட்டம் முழுவதும் வரிசையில்தான் நிற்கும். நுழைவு எண்ணிக்கையை நிர்ணயிக்க வேண்டியது மைதானத்தின் பரப்பு அல்ல, சவாரிகள் ஏற்றும் திறன். 2020 மே 11 அன்று ஷாங்காய் டிஸ்னிலேண்ட் வழக்கமான கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான கூட்டத்தோடு, முன்பதிவு முறையில் திறந்தது.

துடைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். மேற்பரப்பைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. காற்று புகாத இருட்டுக் குகைச் சவாரியில் வெளிக்காற்றைக் கூட்டுவதும் வடிகட்டியை மாற்றுவதும்தான் பலன் தரும். ஆனாலும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிகிறதே என்று பிளீச்சிங் கரைசலை பீய்ச்சினார்கள். அது சேஃப்டி பாரின் பூட்டுக்குள் இறங்கித் துருவேற்றும். பெல்ட்டின் நார்களை நைந்துபோகச் செய்யும். துடைத்தே ஆக வேண்டுமென்றால் நனைத்துப் பிழிந்த துணி, உற்பத்தியாளர் அனுமதித்த திரவம், டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரம் காயாமை, இவ்வளவே போதும். தெளித்த கையோடு துடைத்தால் கிருமியும் சாகாது.

நீர்ப்பூங்காவில் ஆபத்து வேறு மாதிரி. தேங்கிய குழாய் நீர் 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் லெஜியோனெல்லா பாக்டீரியா நன்றாக வளரும். குடித்து அல்ல, நீர்த்திவலையைச் சுவாசித்துத்தான் அது நுரையீரலைத் தாக்குகிறது. ஷவர், செயற்கை நீரூற்று, பனித்துளி விசிறி ஆகியவற்றின் குழாய்களைக் கடைசி முனை வரை கழுவி, குளோரின் ஏற்றி, மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே இயக்க வேண்டும். குளத்தில் குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. வெயிலில் குளோரின் வீணாகாமல் காக்கும் சயனூரிக் அமிலம் சேர்த்திருந்தால் 2. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருக்கட்டும். 8-ஐத் தாண்டினால் கிருமியைக் கொல்லும் வடிவிலுள்ள குளோரின் கால் பங்குகூட இருக்காது; மீட்டரில் அளவு சரியாகத்தான் தெரியும், நீர் பாதுகாப்பாக இராது. இன்னொன்று: கழுவ வசதி என்று குளத்தை முழுவதும் காலி செய்துவிடாதீர்கள். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருந்தால் காலித் தொட்டியை அது கீழிருந்து தூக்கித் தளத்தைப் பிளந்துவிடும்.

திரையரங்குகளுக்கு ஒன்று. டிஜிட்டல் புரொஜெக்டரில் படத்தின் பூட்டைத் திறந்து திரைக்கு அனுப்பும் பகுதியான மீடியா பிளாக்கில் பாதுகாப்புச் சான்றிதழைக் காக்கும் பேட்டரி உண்டு. நெடுநாள் மின்சாரம் இல்லாமல் அது தீர்ந்தால் சான்றிதழ் அழிந்துவிடும். உற்பத்தியாளருக்கே அனுப்பிச் சரிசெய்ய வேண்டிவரும். மூடியிருக்கும் காலத்திலும் அவ்வப்போது புரொஜெக்டருக்கு மின்சாரம் கொடுத்து வைப்பதுதான் வழி.

ஆட்களின் கைப்பழக்கமும் துருப்பிடிக்கும். உயிர்காப்பாளர்கள் தண்ணீரில் இறங்கி மீட்டுக்காட்ட வேண்டும்; ஆபரேட்டர்கள் அவசர நிறுத்தம், மின்தடை, பாதி வழியில் இறக்குதல் ஆகியவற்றை உண்மையாகவே செய்துபார்க்க வேண்டும். கையெழுத்து வாங்கினால் மட்டும் ஆகாது.

இத்தனைக்கும் குறைந்தது மூன்று வாரம் பிடிக்கும். வெல்டிங்கில் காந்தத் துகள் சோதனையில் விரிசல் தெரிந்தால் இன்னும் கூடும். எனவே இனி இப்படி நெடுநாள் மூடித் திறக்க நேர்ந்தால் திறப்புத் தேதியை மூன்று வாரம் முன்னதாக அறிவிக்கும்படியும், ஒவ்வொரு சவாரியின் நுழைவிலும் சுமைச் சோதனை நடந்த தேதி, சோதித்த எடை, சோதித்தவரின் கையெழுத்து மூன்றையும் பலகையில் எழுதிவைக்க உத்தரவிடும்படியும் தங்கள் நாளிதழ் வழியாக அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம். பலகை இல்லாத சவாரியில் ஏற வேண்டாம் என்று வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சவாரிப் பராமரிப்புப் பொறியாளர்கள் சிலர்