குன்னூர் சித்தப்பாவுக்கு, கதை எழுதுவது பற்றி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நேரில் சொன்னால் வர்க்கித் தட்டை நகர்த்திவைத்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். கோபம் வந்தால் முழுசாகப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

கப்பல் இஞ்சின் ரூமில் வேலை பார்த்த வருஷங்களைப் பற்றி நீங்கள் எழுதிக் கொடுத்த காகிதக் கட்டைப் படித்து முடித்தேன். வருஷக்கணக்கில் லாக்புக், அதாவது கப்பலின் தினப்பதிவேடு, எழுதியவரின் கையெழுத்து, எங்கேயும் ஒரு அடித்தல் இல்லை. எழுத்தும் லாக்புக் மாதிரியே இருப்பதுதான் சிக்கல். சூயஸ் கால்வாய் 193 கிலோமீட்டர் என்கிறீர்கள், பனாமா கால்வாய் 1914-ல் திறக்கப்பட்டது என்கிறீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் இதைச் சொல்ல நீங்கள் எதற்கு? என் மகன் போனில் அரை நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவான்.

போன ஐப்பசி மழையில் மண் சரிந்து மலை ரயில் நின்றுபோன அன்று, வராந்தாவில் உட்கார்ந்து ஒன்று சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பனாமாவில் தண்ணீரை நிரப்பிக் கப்பலை மேலே தூக்கும் தொட்டியான லாக்கிற்குள் கப்பல் நுழையும்போது, சுவரில் இடித்துக்கொள்ளாமல் இரண்டு பக்கமும் கம்பி கட்டிப் பிடித்துக்கொள்ளும் சின்ன இஞ்சின்களைப் பற்றி. ‘மியூல்’ என்று அவற்றுக்குப் பெயர் என்றீர்கள். மாற்று ஆள் வந்ததும் மேலே டெக்குக்கு வந்து நின்றீர்களாம். அவ்வளவு பெரிய கப்பல் படிப்படியாக 26 மீட்டர் உயர்ந்து ஏரிக்குப் போகிறது, எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் குனிந்து அந்தத் தண்டவாளத்தைப் பார்த்தீர்கள். நடுவில் பல் வைத்த தண்டவாளம். “நம்ம கல்லாறு–குன்னூர் சங்கதியேதான்மா இது” என்று சிரித்தீர்கள். இங்கே மலை ரயில் இஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிறது, அங்கே கப்பலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. குன்னூர் ஸ்டேஷனில் அந்தப் பல்லைப் பார்த்து வளர்ந்தவனுக்குத்தான் அது கண்ணில் படும். உங்கள் பனாமா அத்தியாயத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டால் “அது சும்மா பேச்சும்மா” என்கிறீர்கள்.

அந்தப் பேச்சைத்தான் எழுதச் சொல்கிறேன். நாடுகளை விட்டுவிடுங்கள். துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற நேரத்தில் நீங்கள் கீழே பிஸ்டனைக் கழற்றிக்கொண்டிருந்தவர், ஊர் பார்த்ததே குறைவு. இஞ்சின் ரூம்தான் உங்கள் ஊர். ஆறினால் தார் மாதிரி இறுகிவிடும் எண்ணெயை நூறு டிகிரிக்கு மேல் காய்ச்சித்தான் இஞ்சினுக்குள் விடவேண்டும் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்கள் இடது மணிக்கட்டில் முடி முளைக்காத வழவழப்பான ஒரு பட்டை இருக்கிறதே, ஆவிக்குழாய் பட்டது, அது கதையில் எங்கே?

நடுக்கடலில் ராத்திரி இஞ்சின் நின்றுபோன கதையும் இல்லை. மணி அடிப்பதற்கு முன்பே கப்பலில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள் என்றீர்கள். சத்தத்தில் தூங்கிப் பழகியவர்களைச் சத்தம் நின்றது எழுப்பிவிட்டது. யாரும் கூப்பிடாமலே சமையல்காரர் டீ போட்டுக் கெட்டிலோடு கீழே இறங்கி வந்தாராம். அவர் என்ன பேசினார்? கெட்டிலை எங்கே வைத்தார்? அங்கிருந்து தொடங்குங்கள்.

“68 வயசுல கதை எழுதினா யாரு படிப்பா?” என்று கேட்டீர்கள். எழுத்தாளர் அ. முத்துலிங்கத்தின் முதல் சிறுகதைத் தொகுப்பு 1964-ல் வந்தது, அடுத்தது 1995-ல். நடுவில் ஐ.நா., ஆப்பிரிக்கா, பாகிஸ்தான் என்று வேலையிலேயே காலம் போயிற்று. திரும்ப வந்து எழுதியபோது, படிக்க ஆள் இருந்தார்கள். அவர் கதைகளில் நாடுகளின் நீள அகலம் கிடையாது. அங்கே பார்த்த ஆட்கள் இருக்கிறார்கள். வயதைச் சாக்கு சொல்லவேண்டாம். (சர்க்கரையைச் சாக்கு சொல்லி நடைப்பயிற்சிக்குப் போகாததைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.)

நடையைப் பற்றியும் ஒன்று. “நான் அவ்விடம் சென்றடைந்தபோது” என்று யார் பேசுகிறார்கள்? அப்பாவிடம் பேசுகிற மாதிரி எழுதுங்கள். வால்வு, பம்ப், ப்யூரிஃபையர் எல்லாம் அப்படியே இருக்கட்டும், தமிழாக்கி வைத்தால் உங்கள் கூட வேலை செய்தவர்களுக்கே புரியாது.

கடைசியாக, சித்தி. இத்தனை பக்கத்தில் அவர் இரண்டு இடத்தில்தான் வருகிறார், இரண்டு இடத்திலும் வாசலில் நின்று வழியனுப்புகிறார். நீங்கள் கப்பலில் இருந்தபோது தேயிலைக் கொழுந்து எடை போட்டு ஃபாக்டரிக்கு அனுப்பியது, விலை விழுந்த வருஷம் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வளையல் அடகு வைத்தது எல்லாம் அவர் பாடு. ஒரு துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்ட் கைக்குப் போய், அங்கே கப்பலைத் தவறவிட்டு, அடுத்த துறைமுகத்துக்குத் துரத்திக்கொண்டு வந்த அவருடைய கடிதங்களை நீங்கள் பெட்டியில் வைத்திருப்பது எனக்குத் தெரியும். அதில் என்ன எழுதலாம், என்ன எழுதக்கூடாது என்பதை அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்வதை விட்டுவிடுங்கள்.

தை பிறந்ததும் வருகிறேன். பைண்டிங் செய்யக் கொடுத்துவிடாதீர்கள், இன்னும் கிழிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்