கப்பலில் கூடை பின்னிய 34 பேரின் நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

புரட்டாசியில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று 4 இரவு கப்பலில் போய்த் திரும்பினோம். 34 பேர், 17 அறைகள், ஆளுக்கொரு வயர் கூடை. போய் வந்தவர்கள் இன்னும் படங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் படங்கள் எதிலும் இல்லாத சிலர்தான் இந்தப் பயணத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள். அதனால் இந்த மடல் முதலில் அவர்களுக்கு.

ஈசூன் பெரியம்மா, உங்களிடமிருந்து தொடங்குகிறேன். கப்பலில் எல்லாருக்கும் சிவன்கண் என்ற பின்னலில் கூடை சொல்லித்தர வேண்டும் என்று நான் ஆசையாக வந்து நின்றபோது, "ரெண்டு நாள்ல சிவன்கண் வராதும்மா, சாதா முடிச்சில சின்னக் கூடை போதும்" என்றீர்கள். அதோடு விடவில்லை. புதிதாகப் பின்னுபவர்கள் அடிப்பாகத்தில்தான் தடுமாறிப் பாதியில் போட்டுவிடுவார்கள், அடியை நானே போட்டுத் தருகிறேன், சுவரிலிருந்து அவர்கள் தொடங்கட்டும் என்றீர்கள். 74 வயதில், இரண்டு மாதம், 34 அடிப்பாகங்கள். வயர்களை ஒரே அளவாக வெட்டி, ரப்பர் பேண்டு போட்டு, ஒவ்வொரு பையிலும் எந்த நிறம் முதல் வரிசை என்று துண்டுச் சீட்டும் வைத்திருந்தீர்கள். புறப்பட 3 வாரம் இருக்கும்போது மருத்துவர் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று நான் அழுதேன். நீங்கள் என்னிடம் கேட்டதோ, "பச்சை வயர் பத்துமா?" என்று.

வயரை மதுரையிலிருந்து பெட்டியில் சுமந்து வந்த தம்பதியருக்கு நன்றி. உங்கள் சொந்தச் சாமான்களைக் குறைத்துக்கொண்டு எங்கள் கட்டுகளை வைத்தீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சிராங்கூன் சாலையில் பயண அலுவலகம் வைத்திருக்கும் அண்ணனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். குழுவாகப் பதிவு செய்வதில் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. 16 பேர் கட்டணம் செலுத்தினால் ஒருவருக்குக் கட்டணம் விலக்கு என்ற சலுகையை அவர்தான் எடுத்துச் சொன்னார். 32 பேருக்குக் கட்டி 34 பேர் போனோம், மிச்சமான தொகையை எல்லாருக்கும் சமமாகப் பிரித்தோம். ஒவ்வொருவருடைய கடப்பிதழிலும் 6 மாதம் பாக்கி இருக்கிறதா என்று பார்த்தார். இந்தியாவிலிருந்து வந்திருந்த இரண்டு அம்மாக்களின் விசா, திரும்பவும் சிங்கப்பூருக்குள் நுழைய இடம் தருகிறதா என்று கேட்டுச் சரிபார்த்தார். தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை பிடித்துக் கொடுத்தார். அங்கேதான் ஆட்டம் குறைவு. நால்வர் மாத்திரை இல்லாமலே நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று அவரிடம் சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன்.

எதைக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது என்று கப்பல் நிறுவனத்துக்குத் திரும்பத் திரும்ப மின்னஞ்சல் எழுதிய தங்கைக்கும் நன்றி. குரோஷே ஊசிக்குத் தடையில்லை. நீளமான கத்தரிக்கோல் கூடாது, இஸ்திரிப்பெட்டி கூடாது, மெழுகு உருக்கும் அடுப்பு கூடவே கூடாது. நடுக்கடலில் தீ என்றால் ஓட இடமில்லை, அந்தக் கண்டிப்பு நியாயமானது. மெழுகால் கோடு இழுத்துத் துணிக்குச் சாயம் ஏற்றும் பாத்திக்கைக் கப்பலில் வைத்துக்கொள்ளும் எண்ணத்தை அன்றே கைவிட்டு, பினாங்குக் கரையில் செய்வது என்று மாற்றினோம். தேவைக்குச் சிறிய கத்தரிக்கோல்கள் 12 மட்டும் கொண்டுபோனோம். வயரை வீட்டிலேயே வெட்டிவிட்டதால் அவையே போதுமாக இருந்தன.

கப்பலில் முதல் நாளே ஒரு சிக்கல். எங்களுக்கென்று சொல்லியிருந்த அறை வேறொரு நிகழ்ச்சிக்குப் போய்விட்டது. விருந்தினர் சேவை மேசையில் இருந்த பெண் எங்கள் கூடைப் பைகளைப் பார்த்தார், யாரையோ அழைத்துப் பேசினார். மதியச் சாப்பாடு முடிந்து மூடியிருக்கும் உணவகத்தின் சன்னல் பக்கம் எங்களுக்குக் கிடைத்தது. நாங்கள் கேட்ட அறையைவிட அது நல்ல இடம். பகல் வெளிச்சம், நீளமான மேசை, வெளியே மலாக்கா நீரிணை. கறுப்பு நூலில் குரோஷே போடுகிறவர்களுக்கு அந்த வெளிச்சத்தின் அருமை தெரியும்.

புரட்டாசி என்பதால் 34 பேரில் 21 பேர் சைவம். முட்டையும் கூடாது என்றவர்கள் 6 பேர். முதல் இரவு பட்டியலைக் கையில் வாங்கிய பரிமாறுநர், மறுநாளிலிருந்து எங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் சரியான தட்டைச் சரியான ஆளுக்கு முன்னால் வைத்தார். கடைசி இரவு அவருக்கு ஒரு கூடை கொடுத்தோம். தன் அம்மாவுக்கு என்றார்.

பினாங்கில் கப்பல் நிற்பது சுவெட்டன்ஹாம் துறையில். இறங்கினால் ஜார்ஜ் டவுன், 2008-இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த நகரம், நடந்தே பார்க்கலாம். 20 பேர் பாத்திக் பட்டறைக்குப் போனார்கள். சாந்திங் என்ற சின்ன மூக்குக் கருவியில் சூடான மெழுகை அள்ளித் துணியில் கோடு இழுக்க வேண்டும். கை ஒரு நொடி தயங்கினால் சொட்டிவிடும். சொட்டிய இடங்களையெல்லாம் பூவாக மாற்றக் கற்றுக்கொடுத்த ஆசிரியைக்கு நன்றி. மற்ற 14 பேர், சீன, மலாய் மரபுகள் கலந்த பெரனாக்கான் சமூகத்தின் மணிக்காலணி தைப்பவரிடம் போனோம். சட்டத்தில் இறுக்கிக் கட்டிய துணியில், கடுகளவு கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துத் தைக்கிறார்கள். பட்டை தீட்டிய மணிக்கு மானிக் போத்தோங் என்று பெயர், விளக்கொளி பட்டால் அது மட்டும் தனியாக மின்னுகிறது. ஒரு மணி நேரத்தில் எங்களால் ஒரு இதழைக்கூட முடிக்க முடியவில்லை. அவர் பொறுமையாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1833-இல் எழுந்த கோயில். அதன் அருகே பூ விற்கும் அக்காவை நாங்கள் திட்டத்தில் சேர்த்திருக்கவில்லை. எங்கள் குழுவின் மூன்று இளம்பெண்கள் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "வாங்கம்மா, உக்காருங்க" என்று வாழைநாரை நனைத்துக் கையில் கொடுத்துவிட்டார். வியாபார நேரத்தில், அரை மணி நேரம். காசு வாங்கவில்லை. அக்கா, அந்த மூவரும் இப்போது வெள்ளிக்கிழமை தோறும் வீட்டில் பூக் கட்டுகிறார்கள்.

புக்கெட்டில் பெரும்பாலானோர் கடற்கரைதான். அங்கே நேரம் சிங்கப்பூரைவிட 1 மணி நேரம் பின்னால், கைபேசி தானாக மாறிவிடும், கப்பல் நேரம் மாறவில்லை. எல்லாரையும் கைக்கடிகாரம் கட்டவைத்து, படகுத்துறையில் கடைசி ஆள் வரும்வரை தலையெண்ணிய தம்பிக்கு நன்றி.

கடைசி நாள் முழுவதும் கடல். 31 கூடைகள் முடிந்தன. மீதி மூன்றை அவரவர் வீட்டில் முடித்துவிட்டார்கள்.

பெரியம்மா, உங்களுக்காக ஒரு 35-ஆவது கூடையும் மேசையில் சுற்றி வந்தது. ஆளுக்குச் சில முடிச்சுகள் போட்டோம். மரினா சவுத் பியரில் ரயில் ஏறி நேராக உங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக விரலால் தடவி, "இது யார் போட்டது, இது யார் போட்டது" என்று கேட்டீர்கள். 34 பெயரையும் சொன்னேன். கைப்பிடி மட்டும் போடாமல் விட்டிருந்தோம், அது உங்களுக்காக. நேற்று அதே கூடையில் கறிவேப்பிலை வாங்கிப் போனீர்கள் என்று உங்கள் மருமகள் படம் அனுப்பியிருந்தார்.

அன்புடன்,
பயண ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்