ஏழு மணிக்கு மூடும் அலைவரிசை

ஆசிரியருக்கு வணக்கம்.

ராத்திரி பத்து மணிக்கும் தூங்காத குழந்தைகளைப் பற்றிப் போன ஞாயிறு எழுதியிருந்தீர்கள். படுக்கும் முன் டிவியே கூடாது என்று முடித்திருந்தீர்கள். முப்பத்தோரு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். லண்டனில் மகள் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் தங்கும்வரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அங்கே பேரனுக்கு இரண்டரை வயது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பிபிசியின் குழந்தைகள் அலைவரிசையான சிபீபீஸில் 'இன் தி நைட் கார்டன்' வரும். 2007-இல் தொடங்கிய நிகழ்ச்சி. மொத்தம் 100 பகுதிகள்தான், அதையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். தொடக்கத்தில், படுத்திருக்கும் ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் பெரியவர் விரல் ஒன்று மெல்ல வட்டம் போடும். முதல் நாள் பார்த்ததுமே "ஏ, இது நம்ம நண்டூருது நரியூருதுல்லா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து அந்த இடம் வந்தால் பேரன் என் மடியில் கையை நீட்டிவிடுவான். "ஆச்சி, நண்டு!"

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. இகிள்பிகிள் என்ற நீலப் பொம்மை படகின் பாயை இறக்கி, அதையே போர்த்திக்கொண்டு கடலில் படுக்கும். மக்கா பக்கா என்ற இன்னொரு பொம்மை எல்லார் முகத்தையும் கழுவிவிடும். டெரெக் ஜகோபி என்ற பெரிய நாடக நடிகர் தாத்தா மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டு போவார். அப்புறம் ஒவ்வொருவராகத் தூங்கப் போக, இகிள்பிகிள் மட்டும் முழித்துக்கொண்டு நிற்கும். அதற்குள் இவன் கண்ணைக் கசக்க ஆரம்பித்திருப்பான். (சில நாள் கட்டிலில் ஏறிக் குதித்ததும் உண்டு, மறைப்பானேன்.) பிறகு அதே அலைவரிசையில் யாராவது ஒரு குட்டிக் கதை வாசிப்பார்கள். ஏழு மணிக்கு அலைவரிசையே மூடிவிடும். இன்னொன்று போடு என்று அழ வழியில்லை. இணையத்தில் எந்நேரமும் பார்க்கலாமாம். மகள் அதை அவனிடம் மூச்சுவிடவில்லை.

இங்கே மகன் வயிற்றுப் பேத்தி பத்து மணிக்கும் துரத்தலும் அடிதடியுமான கார்ட்டூன் பார்க்கிறாள். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வந்துவிடுகிறது. எட்டரை மணிக்கு அரை மணி நேரம், தமிழில் இப்படி ஒன்று செய்து, முடிந்ததும் வேறெதுவும் போடாமல் நிறுத்த நம் ஊர் அலைவரிசை ஒன்றுக்காவது மனசு வராதா? தாலாட்டுக்கா நமக்குப் பஞ்சம்? நண்டூருதிலேயே தொடங்கட்டும். கடைசியில் அந்தக் கிச்சுகிச்சு மட்டும் வேண்டாம், வந்த தூக்கம் கலைந்துவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை