பீரோவுக்குள் பூட்டிய ஆங்கிலம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஓர் அன்பர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் பொழுதைப் போக்காமல், கடினமான சொற்களின் பட்டியலை நாளுக்கு 30 வீதம் மனப்பாடம் செய்தாலே போதும் என்று எழுதியிருந்தார். எழுத்தைப் பார்த்தால் வாத்தியாராக இருந்தவர் என்று தோன்றுகிறது. நான் வத்தலக்குண்டு - கொடைக்கானல் தடத்தில் 29 வருஷம் கண்டக்டராக இருந்தவன். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனாலும் அவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெருமாள்மலையில் எங்கள் வீட்டு மாடியறையை வாடகைக்கு விடுகிறோம். போன வருஷம் மே கடைசியில் ஒரு பெண் வந்து இரண்டு மாதம் தங்கினார். முப்பது வயதிருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் தங்கினால் ஆன்லைனில் அவர்கள் விவரத்தைப் பதிய வேண்டும். அதில் நாட்டின் பெயரைத் தேடிப் பிடிக்கும்போதுதான் பல்கேரியா என்று ஒரு தேசம் இருப்பதே என் மனைவிக்குத் தெரிந்தது. இன்னொரு டீ வேணுமா தாயி என்று கேட்டால் பக்கவாட்டில் தலையை ஆட்டுவார். அவர்கள் ஊரில் அதற்கு 'ஆமாம்' என்று பொருள். நம் தலையாட்டலும் ஏறக்குறைய அதுதான் என்பதால் வம்பில்லை. மேலும் கீழும் ஆட்டினால்தான் வம்பு. அது 'வேண்டாம்'. முதல் இரண்டு நாள் என் மனைவி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அவரும் ஒரு தேர்வுக்குத்தான் படித்துக்கொண்டிருந்தார். கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வுகளில் உச்சப் படியான சி2. 1913இல் அதை முதன்முதலாக நடத்தியபோது எழுதியவர்கள் மூன்றே பேர், மூன்று பேரும் ஃபெயில் என்று அவர் சொன்னதும் என் மகளுக்கு ஒரே சந்தோஷம். மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். கையில் ஆயிரம் வார்த்தைப் பட்டியல். தினமும் காலையில் மொட்டை மாடியில் நடந்துகொண்டே ஒப்பிப்பாள். பல்கேரியப் பெண்ணோ ஒரு பட்டியலும் வைத்திருக்கவில்லை. ஓரம் கிழிந்த துப்பறியும் நாவல்கள் ஏழெட்டு, ஒரு பென்சில், அவ்வளவுதான்.

மகள் ஒருநாள் 'யுபிக்விட்டஸ் என்றால் எங்கும் நிறைந்த' என்று படித்துவிட்டு, கடவுள் யுபிக்விட்டஸ் என்று ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினாள். அந்தப் பெண் சிரித்தே விட்டார். கடவுளுக்கு ஆங்கிலத்தில் வைத்திருப்பது ஆம்னிபிரசென்ட்டாம். யுபிக்விட்டஸ் என்பது, எங்கே திரும்பினாலும் கண்ணில் படுகிற செல்போன், விளம்பரத் தட்டி போன்றவற்றுக்கு. தடை போட்டும் கொடைக்கானல் சாலையோரம் கிடக்கிறதே பிளாஸ்டிக் பாட்டில், அதுதான் யுபிக்விட்டஸ். தமிழ்ப் பொருள் போட்ட பட்டியலில் இரண்டுக்கும் 'எங்கும் நிறைந்த' என்றே இருக்கிறது. பட்டியல் பொய் சொல்லவில்லை. எந்த இடத்தில் எந்தச் சொல் உட்காரும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

இன்னொன்று நானே கண்ணால் கண்டது. அவர் படித்த கதையில் பனிக்குள்ளிருந்து ஒரு பழைய வீடு 'லூம்' ஆகிறது. மகளின் அகராதியில் லூம் என்றால் தறி. எனக்குத் தெரிந்த தறி சின்னாளப்பட்டித் தறிதான். வீடு எப்படித் தறியாகும்? அவருடைய பல்கேரிய அகராதியிலும் முதலில் 'ஸ்தான்' என்றுதான் போட்டிருந்ததாம். அதுவும் தறிதான். அவர் அதை அப்படியே விட்டுவிட்டு, பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே படித்தார். அவர் வழக்கம் அது. தெரியாத சொல்லை முதலில் சந்தித்தால் ஒரு புள்ளி. மறுபடி வந்தால் இரண்டு. மூன்றாம் தடவை வந்தால்தான் அகராதி. அப்போதும் தனிச் சொல்லை எழுதமாட்டார், வாக்கியம் முழுவதையும் சீட்டில் எழுதிக்கொள்வார்.

ஜூலையில் ஒரு சாயங்காலம். டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தோம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூட்டம். முதலில் இரண்டாம் கியரில் முனகுகிற இன்ஜின் சத்தம். பிறகு பூசணிப் பூ இரண்டு மாதிரி மங்கலான மஞ்சள் வெளிச்சம். அப்புறம், எதுவுமே இல்லாத இடத்திலிருந்து பஸ்ஸின் முகம் மொத்தமாக, நிஜத்தைவிடப் பெரிதாக, தலைக்கு மேல் வந்து நின்றது. அந்தப் பெண் என் முழங்கையைத் தட்டி "லூம்!" என்றார். 29 வருஷம் அந்தப் பஸ்ஸுக்குள்தான் நான் இருந்தேன். வெளியே நிற்பவனுக்கு நாங்கள் எப்படி வருகிறோம் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இனி சாகும்வரை மறக்காது.

அப்படியானால் எந்த நாவலையும் எடுத்துப் படித்துவிடலாமா என்றால், இல்லை. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நியூசிலாந்து மொழியியல் அறிஞர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டுச் சொன்னது: யார் துணையும் இல்லாமல் ஒரு ஆங்கில நாவலைப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவற்றை எல்லாம் சேர்த்து ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும், அப்போது ஒரு பக்கத்திலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்ததாக இருக்கும். என் பாஷையில் சொல்வதானால், 50 பேர் ஏறிய பஸ்ஸில் ஒருத்தர் மட்டும் புதுமுகம். யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், எங்கே இறங்குகிறார் என்பதை வைத்தே அவர் யார் வீட்டு விருந்தாளி என்று கண்டக்டர் சொல்லிவிடுவான். பத்துப் பேர் புதுமுகம் என்றால் கஷ்டம். பஸ் முழுக்கப் புதுமுகம் என்றால் டூரிஸ்ட் சீசன், ஒன்றும் செய்வதற்கில்லை. அதனால்தான் அந்தப் பல்கேரியப் பெண் பள்ளிக் காலத்தில், பல்கேரிய மொழியில் ஏற்கெனவே படித்து முடிவு தெரிந்த கதைகளையே ஆங்கிலத்தில் எடுத்திருக்கிறார். கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டால் சொல்லைக் கவனிக்க நேரம் கிடைக்குமாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. என் மனைவி அக்கம்பக்கத்துச் செய்தியெல்லாம் 'ஆம்' போட்டுத்தான் சொல்வாள். வந்தானாம், வித்துட்டானாம், அடிச்சுக்கிட்டாங்களாம். இந்த 'ஆம்' என்ன என்று அந்தப் பெண் மகளிடம் கேட்டார். நேரில் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டது என்று மகள் விளக்கியதும் துள்ளாத குறை. அவர்கள் மொழியிலும் அப்படியே இருக்கிறதாம்! வந்ததைக் கண்ணால் பார்த்தால் 'தொய்தே', கேள்விப்பட்டிருந்தால் 'தொஷல்'. பாட்டிமார் கதை தொடங்குவதுகூட 'இமலோ எத்னோ வ்ரெமே' என்று, கேள்விப்பட்ட வினையில்தான். நம் 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்' போலவே. ஆங்கிலத்தில் வினைக்கு இந்த வால் கிடையாது. வாலுக்குப் பதில் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். அப்பாரன்ட்லி என்றால், பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. அலெஜட்லி உங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். குற்றம் நிரூபணமாகாதவரை போட்டாக வேண்டும். சப்போஸட்லியில், 'அப்படின்னு சொல்லிக்கிறாங்க' என்று உதட்டைச் சுழிக்கிற நக்கல் இருக்கிறது. மகளின் பட்டியலில் மூன்றும் அடுத்தடுத்த வரிகள், பொருளும் ஏறக்குறைய ஒன்றே. நாவலில் ஒன்றைப் போலீஸ்காரர் சொல்கிறார், ஒன்றைப் பொறாமை பிடித்த நாத்தனார் சொல்கிறாள். அதற்கப்புறம் குழப்பம் வராது.

கதை மட்டும் படித்தால் எல்லாம் வந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். பழைய நாவலில் பொறுக்கிய 'பிசீச்' என்ற சொல்லை வைத்து, வண்டியை நிறுத்தும்படி ஒரு ஜீப் டிரைவரிடம் அந்தப் பெண் 'இறைஞ்சி' இருக்கிறார். அவன் பயந்துபோய் நிறுத்திவிட்டான். தாய்மொழியும் காலை வாரும். வந்த புதிதில் ஒரு மாலை 'ஈவென்ச்சுவலி சாப்பிட வருவேன்' என்று வாட்ஸ்அப் அனுப்பினார். ஆங்கிலத்தில் அது, தாமதமானாலும் கடைசியில் வந்துவிடுவேன் என்றாகும். பல்கேரிய மொழியில் 'எவென்துவால்னோ' என்றால் வந்தாலும் வருவேன். என் மனைவி பத்து மணிவரை சப்பாத்தியை மூடி வைத்துக் காத்திருந்தாள். நாமும் லேசுப்பட்டவர்களா? 'ஹோட்டலுக்குப் போங்கள், பிரியாணி நன்றாக இருக்கும்' என்று நான் சொன்னதற்கு, 'எனக்குத்தான் உங்கள் வீட்டில் அறை இருக்கிறதே' என்று விழித்தார்.

இதையெல்லாம் எழுதக் காரணம், மலையில் உள்ள ஒரு கிளை நூலகம். ஊர் பெயர் வேண்டாம். அங்கே கண்ணாடி பீரோ நிறைய ஆங்கில நாவல்கள் இருக்கின்றன. பங்களாக்களை விற்றுக் கீழே போனவர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. பீரோ எப்போதும் பூட்டியே இருக்கிறது. நன்கொடைப் புத்தகங்கள் இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை, தொலைந்தால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது என்கிறார் நூலகர். நல்ல மனிதர், ஒற்றை ஆளாகக் கிடந்து அல்லாடுகிறார். வெளியே மேசையில் இரவல் தருவதற்கு இருப்பவை தேர்வு கைடுகள்தான். பொது நூலகச் சட்டம் 1948இலேயே வந்த மாநிலம் நம்முடையது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி நானும் கட்டுகிறேன். ஒரு மாதத்துக்கு ஒரு ஆளை அனுப்பி அந்தப் புத்தகங்களுக்கு எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, இரவலுக்குத் திறந்துவிட மாவட்ட நூலக அலுவலர் உத்தரவிட வேண்டும். முத்திரை குத்த ஆள் இல்லையென்றால் நானே வருகிறேன். 29 வருஷம் டிக்கெட் கிழித்த கை.

பல்கேரியப் பெண் ஊருக்குப் போகும்போது ஒரு நாவலை மகளிடம் விட்டுப் போனார். பட்டியலை மகள் இன்னும் விடவில்லை; ஆனால் ராத்திரியில் இதுவும் ஓடுகிறது. 212ஆம் பக்கத்தில் இருக்கிறாள், ஓரமெல்லாம் பென்சில் புள்ளி. அதே வரிசையில் அடுத்த புத்தகம் அந்தப் பீரோவில், மேலிருந்து இரண்டாவது தட்டில் இருக்கிறது. கண்ணாடி வழியாகப் பெயர் தெரிகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்டக்டர்,
பெருமாள்மலை, கொடைக்கானல் வட்டம்.